பூட்டுவதா, ஆளில்லாமல் திறந்துவிடுவதா? அரசு முடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள்

அக்டோபர் 1 நெருங்கினாலே அமெரிக்காவில் மலைப்பாதைகளில் நடக்கப் பிடித்தவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். அன்றுதான் அங்கே புதிய நிதியாண்டு தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதா அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறாவிட்டால் அரசு முடங்கும். ஒப்புதல் இல்லாமல் ஒரு டாலர்கூடச் செலவிடக் கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் சட்டம். தேசியப் பூங்கா ஊழியர்களில் பெரும்பாலோர் கட்டாய விடுப்பில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "சம்பளம் வேண்டாம், சும்மா வந்து வேலை பார்க்கிறேன்" என்று ஒரு ரேஞ்சர் (பூங்காக் காவலர்) சொன்னாலும், உயிர் காக்கும் அவசரம் மாதிரியான வேலை தவிர, அதே சட்டம் அவரை விடாது.

ஊழியர்கள் போய்விட்டால் பூங்காவை என்ன செய்வது? இதுவரை மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம். அடியோடு பூட்டுவது, ஆளில்லாமல் திறந்துவிடுவது, மாநில அரசு காசு கொடுத்து நடத்துவது. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊழியர்களுக்குச் சம்பளம் தர யாரும் இல்லையென்றால் பூட்டுவதுதான் சரி. குறைந்தது, கார் நுழையும் வாசலையும் கூடாரம் போடும் இடங்களையுமாவது பூட்ட வேண்டும்.

2013: எல்லாவற்றுக்கும் பூட்டு

2013 அக்டோபர் 1 அன்று 401 தேசியப் பூங்காத் தளங்களும் மூடப்பட்டன. உள்ளே தங்கியிருந்தவர்களுக்கு வெளியேற இரண்டு நாள் அவகாசம். கிராண்ட் கேன்யனில் படகில் போக அனுமதி கிடைத்து லீஸ் ஃபெர்ரி படகுத்துறை வரை வந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போர் நினைவிடத்தின் தடுப்புகளைத் தாண்டி, அந்தப் போரில் சண்டையிட்ட முதியவர்களே உள்ளே போனார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. பூட்டுவது என்றாலே அரசியல்வாதிகள் பயப்படத் தொடங்கியதில் அந்த ஒரு காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முடக்கம் 16 நாள் நீடித்தது. அந்த மாதம் வழக்கத்தைவிட ஏறக்குறைய 79 லட்சம் பேர் குறைவாக வந்தார்கள் என்றும், பூங்காக்களை ஒட்டிய ஊர்களில் 41.4 கோடி டாலர் வியாபாரம் நடக்காமல் போனது என்றும் தேசியப் பூங்காச் சேவை பிறகு கணக்கிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. யூட்டா மாநிலத்தில் ஸயான் பூங்காவின் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் மாதிரியான ஊருக்குப் பூங்காதான் பிழைப்பு. இலை நிறம் மாறும் அக்டோபர் அங்கே நல்ல சீசன். அதில் இரண்டு வாரம் போனால் அதை நவம்பரில் ஈடுகட்ட முடியாது. பூட்டச் சொல்கிற என்னைப் போன்றவர்கள் இந்தக் குடும்பங்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஆனாலும் வியாபாரத்தில் விழுந்த அடிக்கு நிவாரணம் கொடுக்கலாம், வரிச்சலுகை கொடுக்கலாம். நிலத்தில் விழுகிற அடிக்கு அப்படி ஒன்றும் கொடுக்க முடியாது.

2018-19: வாசல் திறந்திருக்கிறது, ஆள் இல்லை

2018 டிசம்பர் 22 அன்று தொடங்கிய முடக்கம் 35 நாள் போனது. இந்த முறை அரசு பல பூங்காக்களைப் பூட்டவில்லை. நுழைவுச் சாவடியில் ஆள் இல்லை, கட்டணமும் இல்லை. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்கு கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை கூட்டம் அலைமோதும் காலம். கோடையில் கொதிக்கும் பாலைவனம் அது. ஏறக்குறைய 3,200 சதுர கிலோமீட்டர் பரப்பு. காவல் பணியில் இருந்த ரேஞ்சர்கள் 8 பேர்.

முதலில் சிக்கல் வந்தது கழிப்பறையில். இந்தப் பூங்காக்களின் உட்பகுதியில் கழிப்பறை என்பது தண்ணீர் வராத ஒரு சிறு அறை, அடியில் ஒரு தொட்டி. தினமும் ஒருவர் வந்து கூட்டித் துடைத்து, காகிதச் சுருள் மாட்ட வேண்டும். தொட்டி நிறைவதற்குள் லாரி வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்த இரண்டும் நின்றுபோய், விடுமுறைக் கூட்டமும் வந்தால் சில நாளிலேயே தொட்டி நிரம்பிவிடும். அப்புறம் வருகிறவர்கள் புதர்ப் பக்கம் ஒதுங்குவார்கள். மழை அபூர்வமாகப் பெய்கிற மண்ணில் அது சுலபத்தில் மக்காது. உள்ளூர் மலையேறிகளும் கடைக்காரர்களும் தாங்களாகவே துடைப்பமும் காகிதச் சுருளுமாக வந்து கழுவினார்கள். அப்படியும் ஜனவரி 2 அன்று கூடார இடங்களை மூட வேண்டியதாயிற்று. யோசெமிட்டி பூங்காவிலும் மனிதக் கழிவு காரணமாக வவோனா கூடார இடமும் மாரிபோஸா செக்கோயா மரத் தோப்பும் மூடப்பட்டன.

அடுத்தது வண்டிகள். பாதையை விட்டு விலகி ஓட்டி, ஜோஷுவா மரங்களுக்கு நடுவே புதுத் தடங்களை உண்டாக்கினார்கள். மரங்கள் சேதமாயின. ஜோஷுவா மரம் வருடத்துக்கு ஓரிரு அங்குலம் வளர்ந்தாலே அதிகம். ஆள் உயர மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் அடுத்ததைப் பார்க்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். மரத்தைவிட என்னை உறுத்துவது அங்கங்கே தரையில் படிந்திருக்கும் கருத்த மேலோடு. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிற உயிருள்ள தோல் அது. ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும், பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் அழுக்கு மண். "பாதையை விட்டு இறங்காதீர்கள்" என்று எடுத்துச் சொல்கிற ஒரு ரேஞ்சர் அங்கே இல்லாததன் விலை இதுதான்.

பூங்கா முழுவதையும் ஜனவரி 10 அன்று மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நேரத்தில், பழைய நுழைவுக் கட்டணச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கழிப்பறை, குப்பை வேலைகளை நடத்தலாம் என்று முடிவாகி, மூடல் கைவிடப்பட்டது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் செலவு சட்டவிரோதம் என்று அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் பொறுப்புடைமை அலுவலகம் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த பூங்காவுக்கே திரும்புவது, பாதைகளைச் சீர் செய்வது, பழுதான கட்டடங்களைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளுக்குத்தான். பூங்காக்களில் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலையே 2,000 கோடி டாலருக்கு மேல் கிடக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து அன்றாடக் குப்பை அள்ளினால் இன்னொரு பாதை இன்னும் சில வருடம் இடிந்தே கிடக்கும்.

மாநிலம் காசு கொடுத்தால்?

மூன்றில் பார்க்க அழகான வழி இது. 2013இல் யூட்டா மாநிலம் 16.7 லட்சம் டாலர் கட்டித் தன் 5 தேசியப் பூங்காக்களையும் இன்னும் சில தளங்களையும் நடுவில் திறக்க வைத்தது. அரிசோனா நாளொன்றுக்கு 93,000 டாலர் வீதம் கொடுத்து கிராண்ட் கேன்யனைத் திறந்தது. ரேஞ்சர் வந்தார், கழிப்பறை கழுவப்பட்டது, பாதையும் கிடைத்தது. நடக்க வருகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் மனமும் கஜானாவும் இருக்கிற மாநிலத்தில்தான் இது நடக்கும். அதே 2013இல் வயோமிங் மாநிலம் மறுத்துவிட்டது, அங்குள்ள யெல்லோஸ்டோன் பூங்கா முடக்கம் முடியும் வரை பூட்டியே இருந்தது. முன்பு பணம் கொடுத்த அரிசோனாவும் 2025இல் கட்டுப்படியாகாது என்று கையை விரித்தது. போட்ட பணம் திரும்பி வரவும் காங்கிரஸின் தயவு வேண்டும். நாடு முழுவதற்கும் சொந்தமான ஒரு பள்ளத்தாக்கு திறந்திருக்குமா என்பது அந்த வருடம் ஒரு மாநில ஆளுநரின் பட்ஜெட்டைப் பொறுத்தது என்றால், எனக்கு அது ஒப்பவில்லை.

2025: கலந்துகட்டி

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் முடக்கம், அதுவரை இல்லாத நீளம். சுமார் 14,500 பூங்கா ஊழியர்களில் 9,000க்கும் மேற்பட்டோரை விடுப்பில் அனுப்பத் திட்டம் போட்டிருந்தார்கள். சாலைகளும் பாதைகளும் பொதுவாகத் திறந்திருக்கும், கட்டடங்கள் மூடியிருக்கும் என்பது ஏற்பாடு. கட்டணச் சேமிப்பில் கைவைப்பது மறுபடி நடந்தது. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்கு மாநிலமும் பூங்காவுக்கு உதவும் நண்பர் அமைப்புகளும் சேர்ந்து பணம் போட்டன. யோசெமிட்டியில் எல் கேப்பிடன் பாறை உச்சியிலிருந்து தடையை மீறி பாராசூட்டோடு குதித்தவர்கள் பற்றிச் செய்தி வந்தது. முடக்கத்துக்கு முன்பே, பூங்காக்களைப் பூட்டிவிடுங்கள் என்று முன்னாள் கண்காணிப்பாளர்கள் பலர் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்த நிலத்தை நடத்திப் பார்த்தவர்கள் அவர்கள். என் வாக்கு அவர்களுக்கே.

இங்கே ஒரு வேறுபாடு பார்க்க வேண்டும். தேசிய வனங்கள் வேறு துறை, பெரும்பாலும் வாசலே கிடையாது. முடக்கத்திலும் அங்கே நடந்து போகலாம், பாதை பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையை எங்கே பூட்டுவது? வனம், மாநில நிலம், தேசியப் பூங்கா என்று மாறி மாறிப் போகிறது அது. முதுகில் பையோடு நடக்கிறவரைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டமாகக் கார்கள் நுழைகிற, மண் மெலிந்த இடங்களுக்குத்தான் பூட்டு கேட்கிறேன்.

முடக்க நாளில் பயணம் வைத்திருக்கிறவர்கள் பக்கத்து மாநிலப் பூங்காவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கேன்யன்லேண்ட்ஸ் அருகே டெட் ஹார்ஸ் பாயிண்ட், ஸயானுக்குக் கொஞ்ச தூரத்தில் ஸ்னோ கேன்யன். இவை யூட்டாவின் சொந்தப் பணத்தில் ஓடுபவை, ஊழியர்கள் வழக்கம்போல் இருப்பார்கள். ஆளில்லாத தேசியப் பூங்காவுக்கே போவதானால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பூங்காவின் இணையதளத்தில் பாதை நிலவரம் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம், மீட்புக்கு ஆள் வரவும் தாமதமாகலாம். குப்பையையும் கழிவையும் எடுத்து வரப் பை வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பூட்டியிருந்தால் கூடாரம் போட வேண்டாம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.