பிராக் கிறிஸ்துமஸ் சந்தை: கறி தராசில் ஏறுவதற்கு முன் வாய் திறந்து கேளுங்கள்

டிசம்பரில் செக் தலைநகர் பிராக் போகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் திருடனிடம் அல்ல, விலைப்பலகையிடம். பழைய நகரச் சதுக்கத்தில் விறகு நெருப்பில் சுழன்றுகொண்டிருக்கும் பன்றித் தொடைக்கறிக் கடைகளில் நடப்பதைப் பாருங்கள்.

பலகையில் 120 என்று பெரிதாக இருக்கும். ஒரு தட்டு 120 கொருனா (செக் நாணயம்) என்று நினைத்து வரிசையில் நிற்பீர்கள். அதன் கீழே பொடி எழுத்தில் ‘100 g’ (100 கிராமுக்கு) என்றிருப்பது கண்ணில் படாது. உங்கள் முறை வந்ததும் விற்பவர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கமாட்டார். ஒரே வெட்டில் 350, 400 கிராம் துண்டைத் தட்டில் போடுவார். 400 கிராம் என்றால் 480 கொருனா. கூட வைக்கும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் சில கடைகளில் எடைக்கணக்குதான். ரொட்டிக்குத் தனி விலை. இரண்டு பேர் சாப்பிட்டால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். விலை பலகையில் இருக்கிறதே என்பதுதான் கடைக்காரர்களுடைய பதில். அதனால்தான் இந்த வித்தை வருடக்கணக்காக ஓடுகிறது.

வழி ஒன்றுதான்: கத்தி இறங்குவதற்கு முன்பே அளவைச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர்கள் கிராமில் கேட்பதில்லை, ‘தெக்கா’வில் கேட்பார்கள், ஒரு தெக்கா 10 கிராம். ‘தெசெட் தெக்கா’ என்றால் 100 கிராம், ‘ட்வட்செட் தெக்கா’ என்றால் 200. வாயில் நுழையாவிட்டால் கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டுங்கள். தட்டோடு சேர்த்து நிறுக்கிறாரா என்று தராசைக் கவனியுங்கள். தடித்த கொழுப்பும் தோலும் அதே விலைக்குத்தான் வரும், வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டதைவிட அதிகமாக வெட்டிவிட்டு ‘வெட்டியாயிற்று’ என்று முகத்தைச் சுளித்தாலும் பணம் கொடுக்காமல் நகர்ந்துவிடலாம். கேட்காத எடைக்குப் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அடுத்தது பணமாற்று. ஜெர்மனியிலிருந்து பேருந்தேறி யூரோவோடு வருகிற நம்மவர்கள் சிக்குவது இங்கேதான். ‘கமிஷன் 0%’ என்று எழுதியிருப்பது பொய்யல்ல. கொள்ளை இருப்பது மாற்று விகிதத்தில். கடைக்காரர் யூரோவை விற்கும் விகிதமும் வாங்கும் விகிதமும் வேறு வேறு. நீங்கள் யூரோவைக் கொடுப்பதால் பார்க்க வேண்டியது அவர் வாங்கும் விகிதத்தை. சந்தை விகிதம் 25 என்று வைத்துக்கொண்டால், 20 தரும் கடையில் 100 யூரோவுக்கு 500 கொருனா போச்சு. நோட்டை நீட்டும் முன் ‘100 யூரோவுக்குக் கையில் எத்தனை கொருனா?’ என்று கேட்டு, எழுதியும் வாங்குங்கள்.

மாற்றியபின் விழித்துக்கொண்டாலும் வழி உண்டு. 2019 ஏப்ரல் முதல் செக் சட்டப்படி, 1000 யூரோ மதிப்பு வரையிலான பணமாற்றை மூன்று மணி நேரத்துக்குள் காரணம் சொல்லாமல், கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். அதே கடைக்கு ரசீதோடு போக வேண்டும், அதனால் ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

தெருவில் ‘நல்ல விகிதம் தருகிறேன்’ என்று வருபவருக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது. அவர் ஹங்கேரி ஃபோரிண்ட் நோட்டைக் கொருனா என்று திணிப்பார், சுமார் பதினைந்து ஃபோரிண்ட் சேர்ந்தால்தான் ஒரு கொருனா. நோட்டில் செக் தேசிய வங்கியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அதைவிட, நின்று பேசாமலே போய்விடுங்கள்.

ஏடிஎம்மில் எடுப்பதானால் வங்கிச் சுவரில் பதித்த இயந்திரமாகத் தேடுங்கள். திரை உங்கள் கணக்கின் நாணயத்தில், அதாவது யூரோவிலோ ரூபாயிலோ, தொகையைக் காட்டி ஏற்கச் சொல்லும். ஏற்காதீர்கள், அந்த விகிதத்தில் நட்டம் உங்களுக்குத்தான். மறுத்தால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம். வரும், மாற்று விகிதக் கணக்கை உங்கள் வங்கி போட்டுக்கொள்ளும். கடைகளின் கார்டு இயந்திரத்திலும் இதே கேள்வி வரும், அங்கும் கொருனாதான்.

டிராம் டிக்கெட்டைக் காகிதத்தில் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம் மணியடிக்கும்போது எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்போது கை பர்ஸின் மேல் இருக்கட்டும். ‘பழைய பொஹீமிய (அதாவது செக்) இனிப்பு’ என்று விற்கும் டிர்டெல்னீக் என்ற சுருள் மாவுப் பண்டத்தில் மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பேர்போன ஊர் ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா. பாரம்பரியம் என்ற பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கூட்டமும் விலையும் குறைவாக வேண்டுமென்றால் மெட்ரோவின் ஏ தடத்தில் நாமியெஸ்தீ மீரு நிலையத்தில் இறங்குங்கள், லுட்மிலா தேவாலயத்தின் முன்னால் ஒரு சந்தை இருக்கிறது. அங்கும் தராசைப் பாருங்கள்.