வங்கிப் பக்கம் திறக்கவில்லை என்று உதவி கேட்டேன்; 86,400 ரூபாய் போய்விட்டது

கடந்த செவ்வாய்க்கிழமை பகல் 12.40 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், நான் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, என் சேமிப்புக் கணக்கிலிருந்து 86,400 ரூபாயை எடுத்துவிட்டார்கள். இதை எழுதும் இன்று வெள்ளிக்கிழமை இரவு. மனம் ஆறிய பிறகு எழுதலாம் என்று என் மகள் சொல்கிறாள். ஆறும்வரை காத்திருந்தால் அதற்குள் இன்னும் எத்தனை பேர் அதே போலி உதவி எண்ணுக்குப் பேசிவிடுவார்களோ என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன். வீட்டுக் கணினியில் உள்நுழைவுச் சிக்கல் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் தேயிலைச் சரிவு நேராக இறங்கி வந்து சமையலறைச் சுவரைத் தொடுகிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு, வீட்டின் பின்னால் தடுப்புச்சுவர் இல்லாமல் ஐப்பசி மாதத்தைக் கடப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுவருக்காக இரண்டு ஆண்டுகளாக ஓய்வூதியத்திலிருந்து மிச்சம் பிடித்து வைத்த பணம்தான் அந்த 86,400 ரூபாய்.

எங்கள் மேசைக் கணினி 2014இல் வாங்கியது. கோடை மழையில் இடி இடித்தால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தக் கோடையில் அப்படிப் பிடுங்கி வைத்துவிட்டு, சில நாள்கள் கழித்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் இயக்கினேன். வங்கியின் பக்கம் திறக்கவில்லை. சிவப்பு முக்கோணம் ஒன்றும், இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கையும் வந்தன. மின்னஞ்சலுக்குப் போனாலும் அதே எச்சரிக்கை. நான் கடவுச்சொல்லை மாற்ற முயன்றேன், உலாவியை அழித்துவிட்டு மறுபடி நிறுவ முயன்றேன், மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். அந்த எச்சரிக்கையின் நடுவிலேயே கணினியின் தேதியைச் சரிபார்க்கும்படி ஒரு வரி இருந்திருக்கிறது. சிவப்பைப் பார்த்த பதற்றத்தில் அதை நான் படிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கைபேசியில் தேடினேன். தேடல் முடிவுகளில் முதலாவதாக ஒரு உதவி மையம் வந்தது. வங்கி உள்நுழைவு, மின்னஞ்சல் உள்நுழைவு எல்லாவற்றுக்கும் தமிழிலேயே உதவி என்று போட்டிருந்தது. அதற்கு மேல் சிறிய எழுத்தில் விளம்பரம் என்றும் இருந்தது. காசு கொடுத்தால் எவரும் அந்த முதலிடத்தைப் பெறலாம் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. முதலில் வருவது முறையான நிறுவனமாகத்தான் இருக்கும் என்று எண்ணி அந்த எண்ணை அழுத்தினேன்.

பேசியவனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "சொல்லுங்கம்மா" என்றுதான் தொடங்கினான். நான் எந்த ஊர் என்று கேட்டு, கோத்தகிரி என்றதும் "அங்க மழைங்களாம்மா, கரண்ட் இருக்குதுங்களா?" என்று விசாரித்தான். பிறகு, திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி இருக்கிறது என்று கேட்டான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன்: 2014 ஜனவரி 1 என்று காட்டியது. அதை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொரு சொடுக்காகப் பொறுமையாகச் சொன்னான். தேதியைச் சரிசெய்து பக்கத்தைப் புதுப்பித்ததும் வங்கியின் உள்நுழைவுப் பக்கம் திறந்துவிட்டது.

அந்த நொடியில்தான் நான் அவனை நம்பினேன். இரண்டு நாள் நான் போராடியதை அவன் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிட்டான். அதற்காக என் கணினியைத் தொடவும் இல்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. போதாதற்கு, "ஓடிபிய மட்டும் யார் கேட்டாலும் சொல்லிடாதீங்கம்மா, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்றும் எச்சரித்தான். இப்படிச் சொல்கிறவன் திருடனாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள் நான். முகம் தெரியாத குரலிடம் தோற்றுப்போனேன்.

நாளைக்கே சிக்கல் மறுபடி வரும் என்றும், பாதுகாப்பான உள்நுழைவு அமைப்புகளை ஒருமுறை முழுமையாகச் சரிசெய்துவிடலாம் என்றும், கட்டணம் ஜிஎஸ்டியுடன் 590 ரூபாய்தான் என்றும் சொன்னான். சரி என்றேன். தொலைவிலிருந்து திரையை இயக்கும் ஒரு செயலியை நிறுவச் சொன்னான்; நிறுவினேன். திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது. ஒரு பட்டியலைத் திறந்து, வரிசையாக இருந்த சிவப்புக் குறிகளைக் காட்டி, இவையெல்லாம் வெளியாட்கள் நுழைய முயன்ற தடங்கள் என்றான். அது விண்டோஸ் தன் வழக்கமான பிழைகளைப் பதிந்து வைக்கும் குறிப்பேடு என்பதும், நன்றாக வேலை செய்யும் கணினியிலும் அதே சிவப்புக் குறிகள் இருக்கும் என்பதும் எனக்கு நேற்றுத்தான் தெரியும். விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றுவிட்டது என்று அவன் சொன்னது மட்டும் உண்மை; 2025 அக்டோபர் 14உடன் அது முடிந்துவிட்டது. பொய்க்கு நடுவில் ஒரு உண்மையை வைத்தால் முழுவதையும் நம்பிவிடுகிறோம்.

அடுத்து அவன் செய்த இரண்டு காரியங்களை ஒவ்வொருவரும் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது, கணினியைத் திறக்க நான் வைத்திருந்த பின் எண்ணும் கடவுச்சொல்லும் வங்கி உள்நுழைவுடன் மோதுகின்றன என்று சொல்லி இரண்டையும் நீக்க வைத்தான். உலாவியில் நாம் சேமித்து வைக்கும் கடவுச்சொற்களைப் பார்க்க வேண்டுமென்றால் உலாவி அந்தப் பின் எண்ணையோ கணினியின் கடவுச்சொல்லையோதான் கேட்கும். இரண்டுமே இல்லாவிட்டால், கணினியில் கை வைத்திருப்பவர் எவரும் எல்லாக் கடவுச்சொற்களையும் வாசிக்கலாம். நான் வங்கியின் இரண்டு கடவுச்சொற்களையும் அங்கேதான் சேமித்திருந்தேன்.

இரண்டாவது, இரட்டைப் பாதுகாப்பை ஏற்படுத்துகிறேன் என்று சொல்லித் திரையில் ஒரு கியூஆர் குறியீட்டைக் காட்டி, கைபேசியில் குறுஞ்செய்திகள் இருக்கும் இடத்துக்குப் போய் அதை ஸ்கேன் செய்யச் சொன்னான். அது பாதுகாப்பு அமைப்பே அல்ல. நம் குறுஞ்செய்திகளைக் கணினியிலும் படிப்பதற்கான இணைப்பு அது. அவன் தன் கணினியின் குறியீட்டை என் திரையில் காட்டியிருக்கிறான். நான் ஸ்கேன் செய்த நொடியிலிருந்து என் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவனுக்கும் தெரியும். நான் வாய் திறந்து ஒரு எண்ணையும் சொல்லவில்லை. அவன் சொன்னபடியே ஓடிபியை யாரிடமும் சொல்லாமல்தான் பணத்தை இழந்தேன்.

590 ரூபாயைச் செலுத்துவதற்காக வங்கிக்குள் நுழைந்தேன். செலுத்தி முடித்ததும் திரை கறுத்தது. "அப்டேட் ஓடுதுங்கம்மா, எதையும் தொடாதீங்க, போன கவுத்து வச்சிடுங்க" என்றான். மேசை விரிப்பின் மேல் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது விட்டுவிட்டு அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் விரிப்பின் மேல் கொஞ்சம் நகர்ந்தது. அமைப்புகள் சரியாகிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்து அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் பணம் பெறுபவர்களாகப் புதிதாக இருவர் சேர்க்கப்பட்டு, ஒருவருக்கு 49,900 ரூபாயும் மற்றவருக்கு 36,500 ரூபாயும் போய்க்கொண்டிருந்த சத்தம் அது.

1.50 மணிக்குத்தான் கைபேசியை நிமிர்த்தினேன். செய்திகளைப் பார்த்ததும் நான் செய்த பெரிய தவறு, வங்கிக்குப் பேசாமல் அவனுக்கே பேசியது. இந்தத் தடவை "அம்மா" இல்லை, "மேடம்" என்றான். சோதனைக்காகப் பணம் வெளியே போய்த் திரும்பும், மூன்று மணி நேரம் ஆகும், இடையில் வங்கிக்குச் சொன்னால் கணக்கு முடங்கிப் பணம் நடுவிலேயே நின்றுவிடும் என்றான். அதை நம்பிக் காத்திருந்தேன். நான்கு மணிக்கு வேறொருவர் எடுத்து, சீனியர் பேசுவார் என்று வைத்துவிட்டார். ஐந்து மணிக்குப் பேசிய அந்தச் சீனியர், பணத்தைத் திரும்ப அனுப்புவதற்கு 4,999 ரூபாய் கட்ட வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. மறுபடி அழைத்தபோது எண் உபயோகத்தில் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில்தான் பணம் கைமாறிக் கைமாறிப் போயிருக்க வேண்டும்.

5.20க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்தேன். ஒப்புகை எண் கொடுத்தார்கள். அடுத்து வங்கியின் இலவச எண்ணில் 25 நிமிடம் இசை கேட்ட பிறகு கணக்கை முடக்கினார்கள். மறுநாள் காலை கிளைக்குப் போனேன். ஓடிபி சரியாகப் போடப்பட்டிருப்பதால் பரிவர்த்தனை நீங்கள் செய்ததாகத்தான் கணக்கு என்று முதல் இருக்கையில் சொன்னார்கள். இரண்டாவது இருக்கையில், கணக்கு தொடங்கிய கிளைக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது இருக்கையில், புகாரை இணையத்தில் கொடுங்கள் என்றார்கள். எந்த இணையத்தில், எந்தக் கணினியில் கொடுப்பது? என் 86,400 ரூபாயைப் பற்றி ஒருவரும் எழுந்து நின்று பேசவில்லை. விளம்பரத்தை வெளியிட்ட தேடல் தளத்துக்குப் புகார் அனுப்பியதற்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் அனுப்பிய பதில் ஒன்று வந்தது. ஒருவன் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு அவன் எண்ணை முதலிடத்தில் வைப்பவர்களுக்கு, அவன் யார் என்று பார்க்கும் கடமை இல்லையா?

புதன்கிழமை மாலை, பக்கத்து வீட்டுப் பையன் கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், செய்தி கேட்டு ஓடி வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது பொறியியல் படிக்கிறான். முதலில் என் கைபேசியில் குறுஞ்செய்திகளுடன் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, நாங்கள் அறியாத ஒரு கணினி இன்னும் அதில் இருப்பதைக் காட்டி நீக்கினான். பிறகு திருப்புளியால் கணினிப் பெட்டியைத் திறந்து, மதர்போர்டிலிருந்து ஒரு பேட்டரியை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைப் போல இருந்தது. மேலே சிஆர்2032 என்று பொறித்திருந்தது. "டீச்சர், இது தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான் டீச்சர்" என்றான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது அந்தப் பேட்டரிதான். அது தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2014இல் நிற்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தெரியும். அதனால்தான் கதவை மூடிவிடுகிறது. முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் எண்களைத் தரும் உள்நுழைவுச் செயலிகளும் இதே காரணத்தால் தடுமாறும் என்றான். கடிகாரம் கொஞ்சம் பிசகினால் விண்டோஸ் தானே இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுமாம். ஆண்டுக்கணக்கில் பின்தங்கிவிட்டால் பெரும்பாலும் நாமே மாற்ற வேண்டும். புதிய பேட்டரி 50 ரூபாய். கடைவீதியில் வாங்கி மாட்டினான். அந்த 50 ரூபாய்ச் சிக்கலுக்காக நான் 86,400 ரூபாயைக் கொடுத்திருக்கிறேன்.

வங்கி சொல்வதை நான் ஏற்கப்போவதில்லை. மின்னணுப் பரிவர்த்தனை மோசடிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்று அதில் இருக்கிறது. கடவுச்சொல்லைப் பகிர்ந்த கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது என்றும் அதிலேயே இருக்கிறது. அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நான் பகிரவில்லை, திருடினார்கள் என்று எழுத்தில் கொடுத்து, முத்திரையுடன் நகல் வாங்கி வைத்திருக்கிறேன். 30 நாள்களுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. காலையில் ஊட்டிக்குப் போக வேண்டும், சீசன் நெரிசலில் முதல் பேருந்தை விட்டால் பகல் போய்விடும். ஆகவே அவசரமாகச் சொல்கிறேன். பக்கம் திறக்காவிட்டால் முதலில் தேதியைப் பாருங்கள். வங்கியின் எண்ணை பாஸ்புக்கிலோ அட்டையின் பின்புறத்திலோ பார்த்து அழையுங்கள், தேடி எடுக்காதீர்கள். முகம் தெரியாதவர் திரையை இயக்க அனுமதிக்காதீர்கள். பின் எண்ணை நீக்கச் சொன்னால் இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்காதீர்கள். குறுஞ்செய்திச் செயலியில் எந்தக் கணினி இணைந்திருக்கிறது என்று இப்போதே, இதைப் படித்து முடித்தவுடன் பாருங்கள். பணம் போனது தெரிந்தால் ஏமாற்றியவனுக்குப் பேசாமல் அந்த நிமிடமே 1930க்குப் பேசுங்கள்.