பழைய கம்ப்யூட்டரில் லுபுண்டு: சில வருஷம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டில் இரண்டு பழைய மெஷின்களில் லுபுண்டு, அதாவது உபுண்டு லினக்ஸின் லேசான வடிவம், ஓடுகிறது. அப்பாவின் கோர் 2 டுவோ டெஸ்க்டாப், 4 ஜிபி ராம். இன்னொன்று தங்கைக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப், 2 ஜிபி. (விண்டோஸ் 7-உடன் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் தந்தார்கள், எங்கள் தெருவில் அந்தப் பக்கம் போனவர் யாரும் இல்லை.) விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது, விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், ஆக அந்த வழி அடைத்தாயிற்று.

லேசான ஓஎஸ் போட்டால் பழைய மெஷின் பறக்கும் என்பதில் பாதிதான் உண்மை. பூட் ஆகி சும்மா நிற்கையில் லுபுண்டுவின் திரைமுகப்பான எல்எக்ஸ்க்யூடியோடு சேர்த்துச் சுமார் அரை ஜிபி ராம்தான் எடுக்கும், ஆனால் பயர்பாக்ஸைத் திறந்து மெயில், யூடியூப், பேங்க் என்று நாலு டேப் போட்டதும் மிச்ச ராமை அதுவே விழுங்கிவிடும், இதற்கு லுபுண்டு என்ன செய்ய முடியும்? நிஜமான வேகம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் வந்தது. பழைய போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா 2-இல் அது முழு வேகத்துக்கு ஓடாது என்றார் கடைக்காரர், ஓடாதுதான், ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வேறு மெஷின் மாதிரி இருக்கிறது.

அப்புறம் யூடியூப். அது அனுப்பும் விபி9 என்கிற வடிவ வீடியோவைப் பழைய கிராபிக்ஸ் சிப்பால் பிரிக்க முடியாது, பாரம் முழுக்க சிபியு மேல் விழும், படம் திக்கும். எச்264ஃபை என்கிற ஆட்-ஆன் போட்டு எச்.264 என்கிற பழைய வடிவத்தையே கேட்க வைத்தால் 720பி தாராளமாக ஓடும். 2 ஜிபி லேப்டாப்பில் ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இஸட்ராமும் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் அடிக்கடி உறைந்து நின்றது. பயர்பாக்ஸ் ஸ்னாப் என்கிற தனிப் பொதியாக வருவதால் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். நான் அதைத் தூக்கிவிட்டு பயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லாவே தரும் டெப் (வழக்கமான பொதி) பதிப்பைப் போட்டேன்.

தமிழுக்குக் குறையில்லை. தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது, செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். அப்பா யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய கடிதங்கள்தான் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தன. அந்த எழுத்துருவை ஹோமில் ஒரு ஃபோல்டருக்குள் போட்டதும் சரியாகிவிட்டது. வீட்டில் இருந்த மலிவு லேசர் பிரிண்டரோடுதான் ஒத்துப்போகவே இல்லை, டிரைவர் ஒரு அப்டேட்டில் வேலை செய்யும், அடுத்ததில் படுத்துக்கொள்ளும். இப்போது பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைதான்.

32 பிட் மெஷின் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், 19.04 பதிப்பு முதல் லுபுண்டுவில் அது கிடையாது. எல்டிஎஸ் என்கிற நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கும் ஆதரவு மூன்று வருஷம்தான். 24.04 பதிப்புக்கு 2027 ஏப்ரலில் கெடு முடியும்போது லேப்டாப்புக்கு ஆன்டிஎக்ஸ் என்கிற இன்னும் லேசான லினக்ஸைப் போட்டுப் பார்க்கப் போகிறேன், அப்பாவின் டெஸ்க்டாப்பில் லுபுண்டுவே தொடரும்.