மங்கல் படம், அசல் நடிகர்கள்: டிவிடிகளோடு எட்டு வருடம்

'கிஸ் மீ, கேட்' என்கிற அமெரிக்க இசை நாடகம் 1958 நவம்பரில் அங்குள்ள என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்ததே, அந்தப் பதிவின் டிவிடியை வாங்கி எட்டு வருடம் ஆகிறது. முதல் நாள் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன். கறுப்பு வெள்ளை, முகங்களின் ஓரம் கரைந்து கிடக்கிறது, குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. அன்று ஒளிபரப்பானது வண்ணத்தில்தான். ஆனால் மிஞ்சியது கினெஸ்கோப், அதாவது டிவி திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்துப் பிடித்த பிரதி. அதைப் பெரிய டிவியில் போட்டது என் தப்பு. இப்போது லேப்டாப்பில் சின்னதாக வைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், பாதிக் குறை மறைந்துவிடுகிறது.

மறுபடி எடுக்கவைத்தது 1953 சினிமா வடிவம். அதில் ஹோவர்ட் கீலும் கேத்ரின் கிரேசனும் நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் 1948 டிசம்பரில் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் நாடக அரங்கில், அந்த வேடங்களை முதன்முதலில் ஏற்ற ஆல்ஃபிரட் டிரேக்கும் பாட்ரீசியா மோரிசனும் படத்தில் இல்லை. டிரேக்குக்கு இது புதிதல்ல, 'ஓக்லஹோமா!' நாடகத்தில் 1943இல் கதாநாயகன் அவர்தான், படம் எடுத்தபோது வேடம் கார்டன் மெக்ரேவுக்குப் போய்விட்டது. ஆக, பத்து வருடம் கழித்து இருவரும் சேர்ந்து நடித்த இந்த மங்கல் பிரதி இல்லையென்றால், நமக்கு அவர்கள் பெரும்பாலும் இசைத்தட்டுக் குரல்தான். தன்னைத் தானே ரசிக்கும் நாடகக்காரனாக டிரேக் ஷேக்ஸ்பியர் வசனம் பேசி அலட்டுகிற அலட்டல் இருக்கிறதே, கீலிடம் அது இல்லை. ஒன்றரை மணி நேர ஒளிபரப்புக்காக நாடகத்தைக் கண்டபடி வெட்டியிருக்கிறார்கள், அது எரிச்சல்தான்.

'பீட்டர் பான்' வேறு கதை. பிராட்வேயில் 1955 பிப்ரவரி கடைசியில் முடிந்த நாடகத்தை, சூடு ஆறுவதற்குள் மார்ச் 7ஆம் தேதி நேரலையாகக் காட்டினார்கள், அடுத்த வருடம் இன்னொரு முறை. நான் அதிகம் போடுவது 1960இல் வண்ண வீடியோ டேப்பில் எடுத்ததை. மேரி மார்ட்டினுக்கு அப்போது 47 வயது, பறக்கும் பையன் பீட்டராக நடிக்கிறார், பறக்கும்போது கம்பி தெரிகிறது, என் அண்ணன் மகளுக்கு எதுவும் உறுத்தவில்லை. சிரில் ரிட்சர்டின் கேப்டன் ஹூக் என்கிற கடற்கொள்ளைக்காரன் வந்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள். செவ்விந்தியப் பெண்ணாகப் பொன்னிற முடியோடு சோன்ட்ரா லீ ஆடும் காட்சிகள்தான் இன்று நெளியவைக்கின்றன, அங்கே மட்டும் தள்ளிவிட்டு ஓட்டுகிறேன்.

(இந்தத் தட்டு முதலில் விரிசலோடு வந்தது. விற்றவருக்கு நாலு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை, திரும்பக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.)

சமீபத்தில் சேர்ந்தது 'வொண்டர்ஃபுல் டவுன்' இசை நாடகம், அதுவும் 1958 நவம்பர்தான், ஆனால் சி.பி.எஸ். தொலைக்காட்சியில். ரோசலிண்ட் ரஸ்ஸல் பெரிய பாடகி இல்லை. அந்தக் கட்டைக் குரலுக்கு ஏற்றபடிதான் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் மெட்டே போட்டார், அதனால் வேறு யார் பாடினாலும் எனக்கு அந்த வேடம் ஒட்டமாட்டேன் என்கிறது.

வாங்க நினைப்பவர்கள் 1960 'பீட்டர் பானில்' ஆரம்பியுங்கள். கினெஸ்கோப்புக்குக் கண் பழகட்டும், டிரேக்கிடம் அப்புறம் போகலாம்.