கட்டுநாயக்காவில் எட்டு மணி நேரம்: கொழும்பா, நீர்கொழும்பா?

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொழும்பு வழியாக லண்டன், மெல்பர்ன் என்று டிக்கெட் போட்டால், நடுவில் ஆறு முதல் பத்து மணி நேரம் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் மாட்டிக்கொள்வது சகஜம். வெளியே போகலாம் என்று முடிவானதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது கொழும்புதான். டிக்கெட்டில் அந்தப் பெயர் இருப்பதால் வரும் மயக்கம் அது. கொழும்பு தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து ஊர் நீர்கொழும்பு, வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எட்டு மணி நேர இடைவெளிக்கு நம் ஓட்டு நீர்கொழும்புக்குத்தான்.

ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் இரண்டுமே வேண்டாம், உள்ளேயே இருங்கள். பன்னிரண்டுக்கு மேல் பகல்நேரம் கிடைத்தால் கொழும்புக்கே போகலாம். தகராறு இடைப்பட்ட நேரத்துக்குத்தான்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஈ.டி.ஏ. எனும் இணையவழிப் பயண முன்அனுமதி வேண்டும். இரண்டு நாள் டிரான்சிட்டுக்கென்றே தனி வகை உண்டு. கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு முந்தின வாரம் அரசுத் தளத்தில் பாருங்கள். அதே மாதிரி முகப்போடு காசு பிடுங்கும் தரகர் தளங்கள் தேடலில் முதலில் வரும், கவனம். இரண்டாவது, பெட்டி. செக்-இன் கவுன்டரில் ஒட்டும் டேக்கில் பெரிய எழுத்தில் இருப்பது நீங்கள் கடைசியாக இறங்கும் ஊரின் குறியீடா என்று பார்த்துவிடுங்கள். கொழும்பைக் குறிக்கும் ‘சி.எம்.பி.’ என்றிருந்தால் பெட்டி கட்டுநாயக்காவிலேயே இறங்கிவிடும். தனித்தனி டிக்கெட் எடுத்தவர்களுக்கு இப்படித்தான் நடக்கும். அப்போது பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. நீர்கொழும்பு லூயிஸ் பிளேஸ் பக்கம் ஒரு விடுதியில் பகல்நேர அறை பேசிப் பெட்டியைப் போட்டுவிட்டு, குளித்துவிட்டு நடக்கலாம்.

இனி நேரக் கணக்கு. காலை 10 மணிக்கு இறங்கி மாலை 6 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். இமிகிரேஷன் தாண்டி, காசு மாற்றி, வண்டி பிடிக்க 11 ஆகிவிடும். திரும்பி மூன்றரைக்குள் முனையத்தில் இருக்க வேண்டும். கையில் நிற்பது நாலரை மணி நேரம். நீர்கொழும்புக்குப் போக அரை மணி, வர அரை மணி என்றால் மூன்றரை மணி நேரம் ஊருக்குள் கிடைக்கும். கொழும்பின் மையமான கோட்டைப் பகுதிக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரம் மிஞ்சுகிறதே என்று தோன்றும். காகிதத்தில் மிஞ்சும்.

சிக்கல் திரும்பும் பாதையில். 2013-இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையைக் குறை சொல்வதற்கில்லை. அது தொடங்கும் பேலியகொடையில் ஏறிவிட்டால் அரை மணி நேரத்தில் விமான நிலையம். பேலியகொடை வரை வந்து சேர்வதுதான் பாடு. 2021-இல் களனி ஆற்றின் மேல் புதுப் பாலம் வந்தபின் நெரிசல் தணிந்தது, ஆனால் கோட்டையை ஒட்டிய கடைவீதிப் பகுதியான புறக்கோட்டையின் தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன. நம் கணக்கில் கொழும்பைவிட்டு இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும், நெரிசலுக்கு அரை மணி ஒதுக்கினால் இரண்டு மணி சுமார். இலங்கையில் பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. வேன்களும் பெற்றோரின் கார்களும் சாலையை அடைத்திருக்கும் நேரத்தில்தான் நீங்களும் வண்டி ஏறுவீர்கள். இன்னும் தாமதித்தால் அலுவலகக் கூட்டம் சேர்ந்துகொள்ளும். 2 மணிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது, யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிது, வண்டி மக்கர் பண்ணினால் மாற்று என்ன என்பது. அதிவேகப் பாதையில் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, நடுவழியில் இன்னொரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தவும் முடியாது. பழைய நீர்கொழும்புச் சாலையில் வந்தால் வத்தளை, கந்தானை, ஜா-எல என்று ஒவ்வொரு சந்தியிலும் நிற்க வேண்டும். நீர்கொழும்பில் வண்டி நின்றுபோனால் அடுத்த ஆட்டோவில் ஏறிக்கொள்ளலாம், குரணை வழியாக நேரே கொண்டுவந்து விட்டுவிடும். ஊபர், அதே மாதிரி இலங்கைச் செயலியான பிக்மீ, இரண்டும் ஓடுகின்றன. வாடகை நியாயமா என்று பார்க்கவாவது செயலி உதவும்.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? டச்சுக் கோட்டையில் மிஞ்சியது 1678 என்று பொறித்த வாசலும் கொஞ்சம் மதிலும்தான். உள்ளே சிறைச்சாலை, நுழைய முடியாது. ஐந்து நிமிடம் போதும். எதிரே மீன் சந்தை. ஏலம் அதிகாலையிலேயே முடிந்துவிடும், 11 மணிக்கு மேல் போகிறவர்கள் அதை எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்கு அதன் பின்புறக் கடற்கரைதான் காட்சி. பிளந்து குடல் எடுத்த மீனைப் பீப்பாய் உப்புநீரில் ஊறப்போட்டு, கடலில் அலசி, மணலில் விரித்த தென்னைநார்ப் பாய்களில் வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். நெத்தலியும் சாளையும் வெள்ளிக்காசுபோல் மின்னும், பெண்கள் குனிந்தபடியே ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவார்கள். வாடை உடையில் ஏறும், அடுத்த விமானத்துக்கு மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் மணல் கொதிக்கும், செருப்பைக் கழற்றாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனால் இதெல்லாம் இருக்காது. இங்குள்ள மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், அன்று கடலுக்குப் போக மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் படகுகள் அத்தனையும் கரையில் நிற்பதைப் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், கடல் கலங்கிக் கொந்தளிக்கும். குளிக்கும் எண்ணம் வேண்டாம். முன்னக்கரை, பெரியமுல்லை என்று ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே இங்கே தமிழ் எவ்வளவு ஆழமாக ஓடியது என்று புரியும். இன்றும் தமிழில் வழி கேட்டால் பல இடங்களில் பதில் கிடைக்கும்.

சாப்பாட்டில் கடல் உணவுக்காரர்களுக்குக் கவலையில்லை, களப்பு (காயல்) இறாலும் நண்டும் போதும். சைவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். சம்பலில் மட்டுமல்ல, சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் விழும். “மாசி போடாமல்” என்று சொல்லியே கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கொழும்புக்குத்தான் மதிப்பெண், செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் சைவக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. முழுநிலா நாளான போயா அன்று இரண்டு ஊரிலும் மது கிடைக்காது.

திரும்பும்போது தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டே வாருங்கள். இரவு 9 மணிக்கு இறங்கி விடியலில் கிளம்புகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கும் கொழும்பு தூரம்தான். நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்து, திரும்பும் வண்டியை முன்னிரவிலேயே பேசி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.