மாடி ஹாலில் சினிமா: மதுரையில் ஒரு பட்டறையும் எட்டு திரையிடல்களும்

குறும்படப் பட்டறையில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கட்டுவதற்கு முன்னால் அந்தக் குழு நடத்தும் திரையிடலுக்குக் குறைந்தது மூன்று தடவை போய் உட்காருங்கள். படம் முடிந்து விளக்கு போட்டதும் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு சேருவதா வேண்டாமா என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

நான் பத்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும். கேமரா பழக்கம் உண்டு, எடிட்டிங்கும் தெரியும், ஆனாலும் சொந்தமாக ஒரு பத்து நிமிடப் படம் எடுக்க உட்கார்ந்தால் கை ஓடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் 12,000 ரூபாய் கட்டி ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு நாள், தொண்ணூறு பேர், மேடையில் ஒரு விலை உயர்ந்த கேமரா, அதைத் தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. நன்றாகப் படித்தால் உதவி இயக்குநர் வாய்ப்பு வாங்கித் தருகிறோம் என்றார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு சான்றிதழ்தான், அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி நிறைய இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது எழுதப்போவது மதுரையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் குழுவைப் பற்றி. குறைகளையும் எழுதப்போவதால் அவர்களைக் கேட்காமல் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. மதுரையில் குறும்படம், ஆவணப்படம் என்று திரிகிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காளவாசல் பக்கம் ஒரு மாடி ஹால், மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் திரையிடல், வருடத்துக்கு இரண்டு முறை மூன்று நாள் பட்டறை. திரையிடலுக்குக் கட்டணம் இல்லை, வாசலில் ஓர் உண்டியல் இருக்கும், விருப்பப்பட்டால் போடலாம்.

மதுரைக்கு இது புதிதில்லை. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி.அமுதனின் மறுபக்கம் அமைப்பு 1998-லிருந்து இங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண் துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி அமுதன் எடுத்த ‘பீ’ படத்தை அந்த மாதிரி ஒரு திரையிடலில்தான் பார்த்தேன், பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை. நான் தினம் வண்டியில் கடந்துபோகிற ஊரை ஒருத்தர் கேமராவை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்பதே அப்போதுதான் உறைத்தது. இந்த மாதிரிக் குழுக்கள் எனக்கு முக்கியமாகப் பட்டது அதிலிருந்துதான்.

சரி, பட்டறை. மூன்று நாளுக்கு 2,500 ரூபாய், மதியச் சாப்பாடு அதிலேயே. பதினெட்டுப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. எங்கள் அணியில் இரண்டு கல்லூரி மாணவிகள், ஒரு மெடிக்கல் ரெப், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் என்று கலந்து இருந்தோம். முதல் நாள் பாடம்தான். ஷாட் வகை, 180 டிகிரி கோடு (எதிரெதிரே பேசும் இருவருக்கு நடுவே கேமரா தாண்டக் கூடாத கற்பனைக் கோடு), திரைக்கதை எழுதும் முறை எல்லாம் சொன்னார்கள். கேமரா தொட்டவர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம், புதியவர்களுக்கு ஒரே நாளில் தாங்காது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது நாளுக்காகவே 2,500 கொடுக்கலாம். சிம்மக்கல்லில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டம் குறையும் பதினொரு மணிக்கு, கடைக்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தார்கள். எல்லோரும் செல்போனில்தான் எடுக்க வேண்டும். போனை எடுத்துப் பார்த்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடுகிறது. எங்கள் பயிற்சியாளர் அக்கா (முன்பு ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவர்) ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொஞ்ச நேரம் எங்களை விழிக்க விட்டார். அப்புறம்தான் விளக்கினார். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் சோக் வைத்த டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 50-ல் ஒரு பங்கு செகண்டில் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த ஏற்ற இறக்கம் சரியாக இரண்டு முறை முழுசாக விழும், பட்டை போய்விடும். கல்யாண மண்டபத்தில் நான் 50-ல் வைத்துத்தான் எடுப்பேன், என் அண்ணன் அப்படிச் சொல்லிக்கொடுத்தார், ஏன் என்று பத்து வருடத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது ஒலி. கடையில் ஒரு பழைய பிரிட்ஜ், அதன் உறுமல் பேச்சு முழுக்கக் கேட்கும். அக்கா கடைக்காரரிடம் அனுமதி கேட்டு அதை அணைத்தார், அணைத்த கையோடு தன் ஸ்கூட்டர் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்து மூடினார். திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாதாம், பால் கெட்டுவிட்டால் அந்த மனிதர் நஷ்டப்படுவார் இல்லையா. ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலையாம் இது. பேசவேண்டிய காட்சி முடிந்ததும், ‘ஒரு நிமிஷம் யாரும் அசையக் கூடாது’ என்றார். வெறும் கடையின் சத்தத்தை மட்டும் பதிய வேண்டும், ரூம் டோன் என்பார்கள், எடிட்டிங்கில் வசனத்தை வெட்டும் இடங்களில் விழும் ஓட்டையை அடைக்க அது வேண்டும். டீ மாஸ்டர் ஒரு கையில் குவளையும் ஒரு கையில் கிளாஸுமாக அப்படியே நின்றார். பாய்லரில் தண்ணீர் முணுமுணுப்பது, தெருவில் தூரத்தில் ஒரு ஆட்டோ, அடுப்பு அணைந்த வடைச்சட்டியில் எண்ணெய் கடைசியாகச் சடசடப்பது, இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கேட்டது. அந்தக் கடையில் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன், கடைக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பது அதுவரை காதில் விழுந்ததே இல்லை.

மூன்றாவது நாள் எடிட்டிங், அதுதான் பலவீனம். பதினெட்டுப் பேருக்கு நாலு லேப்டாப். டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல மென்பொருள்தான், ஆனால் அதற்குத் தெம்பான கம்ப்யூட்டர் வேண்டும். இரண்டு லேப்டாப் திக்கித் திணறி மதியத்துக்கு மேல் படுத்துவிட்டன. இன்னொரு சிக்கலும் வந்தது. செல்போன்கள் பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தை (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) ஒரே சீராக வைத்து எடுப்பதில்லை, அதனால் தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியைச் சேர்த்தால் நீளமான ஷாட்டில் போகப்போக உதடும் பேச்சும் விலகிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. இதை முதல் நாளே சொல்லி, வீட்டுக்குப் போய் ராத்திரியே மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றிருந்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அடுத்த பட்டறையில் எடிட்டிங்குக்கு மட்டும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சேர்க்க வேண்டும், அதற்கு 500 ரூபாய் கூடக் கேட்டாலும் தப்பில்லை. இதை அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

இப்போது திரையிடல். எட்டு மாதத்தில் ஒன்றைக்கூட விடவில்லை.

ஹாலைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுகிறார்கள், ஆனாலும் கோடைக்காலத்தில் சாயங்கால வெளிச்சம் உள்ளே வரும், புரொஜெக்டரும் பழசு, இருட்டான காட்சியில் ஆள் இருப்பதே தெரியாது. ஃபேனைப் போட்டால் வசனம் கேட்காது, நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். ஆறு மணி என்று போட்டுவிட்டு ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்தத் தாமதம் சின்னக் குறை இல்லை. முடிய ஒன்பதரை ஆகிவிடுகிறது, மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிற பெண்கள் கலந்துரையாடல் பாதியிலேயே பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். பேச வேண்டியவர்களே போய்விடுகிறார்கள். சப்டைட்டில் திரைக்கு அடியில் வருவதால் முன்வரிசைத் தலைகள் மறைக்கின்றன, திரையை ஓர் அடி உயர்த்திக் கட்டினால் போதும்.

கலந்துரையாடலிலும் ஆரம்பத்தில் ஒரு பிரச்சினை இருந்தது. நாலைந்து ஆண்களே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பிய இயக்குநர்கள் பெயராகச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம். மூன்று மாதமாக மைக்கைப் பின்வரிசையிலிருந்து கொடுத்து வருகிறார்கள், ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான். அதற்கப்புறம்தான் ஹாலில் பேச்சே மாறியது.

எங்கள் பட்டறையில் இருந்த மாணவிகளில் ஒருத்தி, பூக்கட்டும் ஒரு பாட்டியைப் பற்றி ஏழு நிமிடப் படம் எடுத்தாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை மல்லி வாங்குவதிலிருந்து வீட்டுத் திண்ணையில் கட்டி முடிப்பது வரை. அழகான படம், எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் மைக் போனது, அவரும் பூக்கட்டுகிறவர், அந்தப் பாட்டியின் பக்கத்து வீடு. எழுந்து நின்று, ‘பாப்பா, கையெல்லாம் நல்லாக் காட்டியிருக்க. ஆனா நார் சுத்தி முடிச்சு விழப்போற நேரத்துல ஒவ்வொரு தடவையும் வேற எங்கேயோ போயிடுற. முடிச்சு விழலேன்னா பூ நிக்காதே’ என்றார். அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் மறுபடியும் எடிட்டிங்கில் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் கழித்துத் திருத்திய படத்தைப் போட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் நாலு செகண்ட் கூட்டியிருந்தாள், வாழைநார் இரண்டு சுற்று சுற்றி, கட்டைவிரல் அழுத்தி, முடிச்சு இறுகி, பூ நிமிர்ந்து நிற்கிற வரைக்கும். படமே வேறாகிவிட்டது. பாட்டிக்கு எத்தனை வருடப் பழக்கம் என்று பின்னணிக் குரல் சொல்லிக்கொண்டிருந்ததே, அது தேவையில்லாமல் போய்விட்டது, அதையும் எடுத்துவிட்டிருந்தாள். எந்தப் பயிற்சியாளரும் இதைச் சொல்லியிருக்க முடியாது, பூக்கட்டத் தெரிந்தவர் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்ததால்தான் நடந்தது. என் வேலையும் அன்றிலிருந்து மாறியது. பத்து வருடமாகத் தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு விழும் முன்பே அட்சதைக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நாத்தனார் கை கடைசி முடிச்சைப் போட்டு விலகும் வரை கேமராவை அசைப்பதில்லை.

உண்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவரது ஒடேசா குழுவும் ஊர் ஊராகப் படம் போட்டு மக்களிடம் காசு திரட்டி 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்த கதையைப் பட்டறையில் சொன்னார்கள். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவரும் அவர்தான். அந்த வழியில்தான் இந்த உண்டியலும். அதில் விழும் பணத்தில் பட்டறைக்குக் கட்ட முடியாத இரண்டு பேரை ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்கிறார்கள், யார் என்று மற்றவர்களுக்குச் சொல்வதில்லை. திரையிடலுக்குப் போகிறவர்கள் ஒரு ஐம்பது ரூபாயாவது போட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த பட்டறைக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆனாலும் அவசரப்பட வேண்டாம், முதலில் சனிக்கிழமை வாருங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், மாடியில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. பின்வரிசையில் உட்காருங்கள், மைக் அங்கிருந்துதான் கிளம்பும். முடிந்து மாட்டுத்தாவணிப் பக்கம் போக வேண்டியவர்கள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள், நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன், வண்டியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கும்.