ஏற்காடு மலை ஏற ரேடியேட்டரில் எது: தண்ணீரா, கூலன்டா?

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏற்காடு போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். இரண்டாவது கியரில் எஞ்சின் முக்கிக்கொண்டே ஏறும். வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குள் காற்றும் சரியாகப் புகாது, ஃபேன்தான் துணை. எரிபொருள் தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றும் பொறுப்பு கூலிங் சிஸ்டத்துடையது. ஊருக்குள் தெரியாத குறையெல்லாம் இந்த ஏற்றத்தில் வெளியே வந்துவிடும்.

ரேடியேட்டர் தண்ணீர் குளிரில் உறையாமல் இருக்கக் கலக்கும் திரவம்தான் கூலன்ட். "ஏற்காட்டில் என்ன பனிக்கட்டியா உறையப் போகுது? தண்ணியே போதும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பாதி உண்மை உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அந்தத் திறன் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

கொதிநிலையில் கூலன்ட் முந்துகிறது, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சேலத்தில் 99 டிகிரியிலும் ஏற்காட்டு உயரத்தில் 95 டிகிரியிலும் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை அதைவிட ஏழெட்டு டிகிரி தாங்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் இரண்டுமே இன்னும் சுமார் 20 டிகிரி கூடுதலாகத் தாங்கும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் அந்த 20 டிகிரி போய்விடும். ஆகவே மலை ஏறும் முன் முதலில் பார்க்க வேண்டியது மூடியைத்தான்.

என்னைக் கூலன்ட் பக்கம் சாய்த்தது வேறு காரணம்: துருவும் உப்பும். நம் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் உட்காரும். பழைய காரில் பல வருடம் போர் தண்ணீர்தான் ஊற்றினோம். ஒருநாள் பாதி மலையில் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. ரேடியேட்டரைக் கழற்றியபோது பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன, வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருந்தன, எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது. கூலன்டில் இருக்கும் துரு தடுப்பு ரசாயனத்துக்காகவே காசு கொடுக்கலாம். ஆனால் அடர் கூலன்டை அப்படியே ஊற்றக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும், அல்லது கலந்தே விற்பதை வாங்கலாம். அந்தத் துரு தடுப்புச் சக்தி வருடங்கள் போகப் போகத் தீர்ந்துவிடும், அதனால் கம்பெனி புத்தகம் சொல்லும் காலத்தில் மாற்றிவிடுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும் கடும் விஷம். குழந்தையும் நாயும் நெருங்காத இடத்தில் வையுங்கள்.

சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. வேண்டாம். அது எஞ்சினைச் சரியான சூட்டில் வைக்கும் கதவு. கழற்றினால் சமதளத்தில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலோ பெட்ரோலோ கூடுதலாகக் குடிக்கும், அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியேதான் இருக்கும்.

வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள். வண்டிக்குள் வேர்க்கும், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். அப்படியும் ஏறினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடக் கூடாது, அரை மணி நேரமாவது ஆறட்டும். கையில் கூலன்ட் இல்லையென்றால் அப்போது குடிநீர் பாட்டிலை ஊற்றலாம், தப்பில்லை. ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு, எங்கே ஒழுகியது என்று பார்த்து, சரியான கலவையை நிரப்பிவிடுங்கள்.